செங்கமலம் கூப்பிட்ட வெள்ளம்

எங்கள் தெருவுக்கு வெள்ளம் வருவதற்கு முதல் நாள், ஒரு சொம்பு அளவுத் தண்ணீர் மட்டும் முன்னால் வந்து வீடுகளைப் பார்த்துவிட்டுப் போகும். கேட்டைத் தாண்டி, கால்மிதியில் கொஞ்சம் தயங்கி நின்று, வரலாமா என்று கேட்கும். நல்ல பழக்கம். என் மாப்பிள்ளைகூட அப்படிக் கேட்டதில்லை.

உட்கார ஒரு டம்ளர் கொடுத்தால் அதில் உட்கார்ந்துகொண்டு, நாளைக்குப் பெரியவர்கள் எந்த உயரம் வரை வருவார்கள் என்று சொல்லும். நாங்களும் வேலையை ஆரம்பித்துவிடுவோம். வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சர்டிபிகேட், கல்யாண போட்டோ எல்லாம் பிரஷர் குக்கருக்குள் போகும். குக்கர் மொட்டைமாடிக்குப் போகும். காஸ்கெட் போட்டு மூடிவிட்டால் எவ்வளவு மழை பெய்தாலும் உள்ளே ஒரு சொட்டு இறங்காது. அந்த வாரம் முழுக்கத் தெருவே உப்புமாவில் ஓடும். போன வருஷம் பக்கத்து வீட்டு பியாட்ரிஸ் டீச்சர், பழக்கதோஷத்தில் குக்கரை அடுப்பில் ஏற்றி விசில் விட்டுவிட்டார். அவருடைய பி.எட். குழைந்துபோய்விட்டது. இப்போதும் பாடம் நடத்துகிறார். பிள்ளைகளுக்கு முன்னைவிடச் சுலபமாக இறங்குகிறதாம்.

வெள்ளம் வருஷம் தவறாமல் வருவதற்குக் காரணம் என் மனைவி செங்கமலம். முதல் வருஷம் அது வடிந்து வாசலைத் தாண்டும்போது, எல்லோரிடமும் சொல்வதுபோல அதனிடமும் 'போயிட்டு வாங்க' என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு வராமல் இருக்க அது என்ன மரியாதை தெரியாததா? தெருவே திரண்டு வந்து சண்டை பிடித்தது. வீட்டுக்கு வந்தவர்களை வெறுமனே போ என்று எப்படி அனுப்புவது என்று திருப்பிக் கேட்டாள். அதற்குப் பிறகும் ஒவ்வொரு வருஷமும் சொன்னாள். போன கார்த்திகையிலும் சொன்னாள். தை மாதம் இறந்துபோனாள். ஆக, இந்த வருஷ வெள்ளம் அவள் கூப்பிட்டு வருவது.

இந்த முறை எனக்குப் பத்திரங்களைப் பற்றிக் கவலையில்லை. கவலையெல்லாம் பீரோவைப் பற்றித்தான். அதன் கண்ணாடியில் செங்கமலத்தின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்று இருந்தது. மெரூன் நிறம். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று, முகம் கழுவிவிட்டு வந்து வைத்துக்கொள்ளலாம் என்று ஒட்டியது. வைத்துக்கொள்ளாமலே போய்விட்டாள். அதை உரித்துக் குக்கரில் போட்டுவிடுங்கள் என்று மகள் போனில் சொன்னாள். உரித்தால் பொட்டு இருக்கும், இடம் போய்விடுமே. அது சரியாக அவள் நெற்றி உயரத்தில் இருக்கிறது. அவள் எங்கே நின்றாள், எவ்வளவு உயரம் என்பதற்கு வீட்டில் அது ஒன்றுதான் ஆதாரம். பத்திரத்தில் அதையெல்லாம் எழுதமாட்டார்கள். நகத்தை வைத்துப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை.

டம்ளரில் உட்கார்ந்த தண்ணீர், நாளைக்கு ஃபேன் வரை என்றது. கொஞ்சம் குறைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். அளவெல்லாம் ஏரியில் முடிவாவது, தன் கையில் ஒன்றும் இல்லை என்றது. பிறகு சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தது.

"அம்மா இல்லையா சார்?"

நான் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கண்ணாடி முன்னால் பிடித்தேன். அது பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அவங்க கூப்பிட்டுத்தானே வர்றோம்," என்றது. "பெரியவங்ககிட்ட சொல்லிப் பார்க்கிறேன் சார்."

கிளம்பும்போது டம்ளரில் வந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. கூடியது என்னுடையதாக இருக்கலாம்.

காலையில் பெரியவர்கள் வந்தார்கள். தெருவில் எல்லோரும் அவரவர் மொட்டைமாடியில் குக்கரோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் குக்கரை மாடியில் வைத்துவிட்டுக் கீழே வந்து பீரோ முன்னால் நின்றேன். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, பிறகு ஃபேன் வரை அறை நிறைந்தது. கண்ணாடிக்கு முன்னால் மட்டும் ஓர் ஆள் நிற்கும் இடத்தை விட்டு விலகி நின்றார்கள். அவள் உயரம், அவள் தோள் அகலம். நான் அவளைவிட உயரம் என்பதால் முழங்காலை மடக்கி நிற்க வேண்டியிருந்தது. பொட்டு என் நெற்றிக்கு நேரே வந்தது. அவளுடைய பவுடர் வாசனைகூட அங்கே இருந்தது. சாயங்காலம் வடியும்வரை அப்படியே நின்று அழுதேன். சுற்றிலும் தண்ணீர் என்பதால் வித்தியாசம் தெரியவில்லை.

வடியும்போது தெருவே இறங்கிவந்து என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. செங்கமலம் இல்லை, இந்த வருஷம் யாரும் எதுவும் சொல்லாவிட்டால் அதோடு தீர்ந்தது. பியாட்ரிஸ் டீச்சர் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். கடைசியாகக் கிளம்பிய தண்ணீர் கால்மிதியில் தயங்கி நின்றது.

"போயிட்டு வாங்க," என்றேன்.

டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, புது காஸ்கெட் வாங்க வேண்டும் என்று முனகியபடி உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையில் எழுந்து பார்த்தபோது கண்ணாடியில் பொட்டு இல்லை. வீடு முழுக்க ஈரமாக இருந்தது. சமையலறையில், அடுப்பு முன்னால் மட்டும் இரண்டு பாதம் வைக்கும் அளவுக்குத் தரை காய்ந்திருந்தது. அதற்கு மேலே, அவள் நெற்றி உயரத்தில், மெரூன் பொட்டு அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது. நான் மாடியிலிருந்து குக்கரை எடுத்துவந்து, பத்திரங்களை வெளியே வைத்துவிட்டு, கழுவி, இரண்டு பேருக்கு அரிசி போட்டேன்.