விஜயதசமியின் முதல் பதிவு

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஊனமுற்றோருக்கு வீடு தேடிப் போய் உதவும் சின்னத் தொண்டு நிறுவனம் ஒன்று இருந்தது. அங்கே கம்ப்யூட்டர் வந்து இறங்கியதும் ஒருங்கிணைப்பாளர்கள் அத்தனை பேரும் மிரண்டு போனார்கள். மலையேறி, சேற்றில் இறங்கி, கன்னடமும் தெலுங்கும் பேசி ஊர் ஊராய் அலைகிறவர்கள் அந்தப் பெட்டியைக் கொதிக்கிற பாத்திரம் போலத் தொட்டார்கள்.

சொல்லிக்கொடுக்க வந்தவள் பூங்கொடி. மத்திகிரியில் வாடகை வீடு. அப்பா சுடலைமுத்து கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து ஃபேக்டரியில் லேத் ஓட்டுகிறவர். அவள் கம்ப்யூட்டர் சென்டரில் டிப்ளமோ வாங்கியிருந்தாள். முதல் வேலை, அதைச் சரியாகச் செய்துவிட வேண்டும் என்ற வெறி இருந்தது. அதை யாரும் குறை சொல்ல முடியாது.

முன்பெல்லாம் யாருக்காவது முடியவில்லை என்று தகவல் வந்தால் டிரைவர் சென்னகிருஷ்ணனுக்கு ஒரு குரல் கொடுத்தால் போதும், வண்டி கிளம்பிவிடும். சத்தம் போடத் தெரிந்தவர்களுக்குத்தான் வண்டி போனது, வாயில்லாப் பூச்சிகள் காத்துக் கிடந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதனால்தான் புதுச் சட்டம்: கம்ப்யூட்டரில் பதிந்தால்தான் வண்டி. பூங்கொடி அதில் ரொம்பக் கறார்.

"வாயால சொன்னா வண்டி கிடையாதுக்கா. பதிஞ்சாத்தான்."

மற்றவர்கள் தட்டுத்தடுமாறிப் பழகிக்கொண்டார்கள். தளிப் பக்கத்து மலைக்கிராமங்களைப் பார்த்துக்கொண்ட ராசாத்திக்கு மட்டும் அது கைக்கு வரவே இல்லை. போலியோவில் சூம்பிய காலோடு, ஊன்றுகோலை ஊன்றி எந்த மேட்டிலும் ஏறிவிடுவாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

"நீயே அடிச்சிடு கண்ணு, உனக்குப் புண்ணியமாப் போவும்" என்று கெஞ்சுவாள்.

"ஒரு நாளாவது உங்க கையால அடிங்கக்கா" என்பாள் பூங்கொடி.

ஆயுத பூஜை வந்தது. தொழிற்பேட்டை ஊரில் அதைவிடப் பெரிய பண்டிகை கிடையாது. ஸ்பானர் முதல் லாரி வரைக்கும் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று. ஆபீஸிலும் கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், கதம்ப மாலை, வண்டிக்கு வாழைக்கன்று. எல்லோரும் பொரி தின்றுகொண்டிருந்த நேரத்தில் போன் அடித்தது.

தளிக்கு அப்பாலிருந்து சென்னம்மாள். அவள் மகன் முனிவேலுக்கு வேலையிடத்தில் பாரம் சரிந்து விழுந்து முதுகெலும்பு போய்விட்டது. அதிலிருந்து படுத்த படுக்கை.

"பையனுக்கு உடம்பு கொதிக்குதுங்க. முதுகுப் புண்ணும் நாத்தம் அடிக்குதுங்க. ஒண்ணும் அவசரமில்லீங்க, பண்டிகை நாளு. முடிஞ்சா நர்ஸம்மாவ அனுப்புங்க."

ராசாத்தி போனை வைத்துவிட்டு, கேட்டதை அப்படியே எல்லோரிடமும் சொன்னாள். அப்புறம் யாரும் எதிர்பார்க்காததைச் செய்தாள். நேராக வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். மாலையை ஒதுக்கிவிட்டு, சுவிட்சைப் போடக் கையை நீட்டினாள்.

"அக்கா! பூஜையில இருக்கு, தொடக்கூடாது!" பூங்கொடி பதறிப்போய் அவள் கையைப் பிடித்தாள். பூஜை நாளில் அவள் அப்பா லேத் பக்கம்கூடப் போகமாட்டார். அந்த வீட்டில் வளர்ந்தவள்.

"அப்படின்னா வாயால சொல்லி அனுப்பிடட்டுமா?"

சென்னகிருஷ்ணன் வாய் நிறையப் பொரியோடு எழுந்துவிட்டான். "நான் ரெடிதாம்மா. ஒரு எட்டுப் போயிட்டு வந்துடறேன்."

பூங்கொடி யோசித்தாள். இன்றைக்கு விட்டுக்கொடுத்தால் நாளையிலிருந்து எல்லோரும் பழைய குருடி கதவைத் திறடி என்று போய்விடுவார்கள். ராசாத்தியக்கா இன்றைக்குத்தான் தானாக வந்து உட்கார்ந்திருக்கிறாள். அது வீணாகிவிடக் கூடாது.

"அவசரமில்லைன்னு அந்தம்மாவே சொன்னாங்கல்ல? நாளைக்கு விஜயதசமிக்கா. எதை ஆரம்பிச்சாலும் துலங்கும். காலையில வந்ததும் முதல் பதிவு உங்க கையால போடுங்க, வண்டி உடனே கிளம்பட்டும்."

ராசாத்தி ஊன்றுகோலை ஊன்றி எழுந்தாள். எத்தனையோ வாரமாகக் கற்றுக்கொள்ளாதவள் என்று பேர் வாங்கியிருந்தாள். இன்னொரு தடவை அந்தப் பேரை வாங்க அவளுக்கு மனசில்லை. "டீச்சர் சொன்னா சரி" என்றாள். சென்னகிருஷ்ணன் மறுபடி உட்கார்ந்துகொண்டான்.

மறுநாள் காலை கற்பூரம் காட்டி மாலையை எடுத்தார்கள். ராசாத்தி ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி முனிவேலின் பேரை அடித்தாள், ஊரை அடித்தாள். திரை ஏற்றுக்கொண்டது. எல்லோரும் கை தட்டினார்கள். பூங்கொடி அவள் வாயில் ஒரு கற்கண்டைப் போட்டு, தன் வாயிலும் ஒன்றைப் போட்டுக்கொண்டாள். நர்ஸை ஏற்றிக்கொண்டு வாழைக்கன்று ஆட ஆட வண்டி தளி ரோட்டில் போனது.

மதியம் திரும்பி வந்த சென்னகிருஷ்ணன் உள்ளே வரவில்லை. வண்டிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். நர்ஸ் சரிதாதான் வந்தாள்.

"விடியறதுக்கு முன்னாடியே போயிட்டாரு. அந்தம்மா நேத்து பூரா வாசல்ல நின்னு ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்திருக்காங்க." சரிதா பையைக் கீழே வைத்தாள். "பண்டிகை நாள்ல தொந்தரவு குடுத்துட்டேன், மன்னிச்சுக்கங்கன்னு எங்கிட்ட சொல்றாங்க."

பூங்கொடிக்கு அழுகை வந்தது. அழுவதற்கும் தனக்கு உரிமை இல்லை என்று பட்டது. ஒருத்தராவது தன்னைத் திட்டினால் தேவலை என்று இருந்தது. யாரும் திட்டவில்லை.

திரையில் முனிவேலின் பதிவு முடிக்கப்படாமல் அப்படியே நின்றது. அதையாவது தான் செய்துவிடலாம் என்று பூங்கொடி நாற்காலியை இழுத்தாள்.

"தள்ளு கண்ணு" என்றாள் ராசாத்தி. "நான்தானே ஆரம்பிச்சேன்."

உட்கார்ந்தாள். பேரைத் தேடி எடுத்தாள், பக்கத்தைத் திறந்தாள், அங்கே நின்றுவிட்டாள். அத்தனை வாரத்தில் பூங்கொடி சொல்லிக்கொடுக்காமல் விட்டது அது ஒன்றுதான்.

"செத்துப்போனவங்களை எங்க போடணும், டீச்சர்?"

பூங்கொடி விரலை நீட்டிக் காட்டினாள். ராசாத்தி அழுத்தினாள். அதற்கப்புறம் அவளுக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.