துரைக்கு வைத்த கேட்

இதனால் சகல ஜனங்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், தெருமுனை வீட்டில், மனித குலம் இதுவரை கண்டிராத ஓர் இரும்புக் கேட் நிறுவப்பட்டது. திட்டம், வடிவமைப்பு, மேற்பார்வை எல்லாம் வீட்டுக்காரர். தெருவில் அவருக்கு நிபுணர் என்று பெயர். கொசுவிலிருந்து பூகம்பம்வரை எதைக் கேட்டாலும் கையில் ஓர் அபிப்பிராயம் தயாராக வைத்திருப்பார். கேட்காவிட்டாலும் தருவார்.

கேட்டுக்குக் காரணம் துரை. துரை என்பது நாய். பழைய மரக்கதவை மூக்கால் தள்ளிக்கொண்டு போய், சைக்கிளில் போகிறவர்களின் கால்சட்டையைக் கவ்வி இழுப்பது அதன் பொழுதுபோக்கு. புகார் போனது. நகராட்சி ஆள் வந்து வாசலில் நின்றபடியே சொன்னார்:

"இன்னொரு தடவை தெருவுல பாத்தா வண்டியில ஏத்திடுவோம். அப்புறம் திரும்பி வராது. அழுது பிரயோஜனமில்ல."

அன்றிலிருந்து நிபுணரின் மனைவிக்குச் சோறு இறங்கவில்லை. மகள் கல்யாணமாகிப் போனபின், அந்த வீட்டில் அவள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிற ஜீவன் துரை ஒன்றுதான். நிபுணருக்கு ஆண்டவன் வாயை மட்டும்தான் கொடுத்திருந்தான்.

"அடியில சந்து இருக்கக்கூடாது. ஏறித் தாண்டவும் கூடாது. அது போச்சுன்னா நான் இந்த வீட்ல யார்கிட்டங்க பேசுவேன்?"

ஆகவே கேட் முழுக்கத் தகரம். ஆள் உயரத்துக்கும் மேலே. உச்சியில் ஈட்டி ஈட்டியாகக் கம்பி. மதிலில் ஏற்கெனவே கண்ணாடிச் சில்லு. அதுவும் நிபுணர் யோசனைதான்.

"கொண்டியை உள்பக்கம் வெச்சிடட்டா சார்?" என்றார் வெல்டர்.

"ஏம்ப்பா, இது மனுஷனுக்கா? நாய்க்கு! உள்ள வெச்சா அது மூக்கால தூக்கிடாதா? ஜெயில்ல பூட்டு எந்தப் பக்கம் இருக்கும்?"

"நான் அங்கெல்லாம் போனதில்லிங்க சார்."

"வெளிப்பக்கம்."

வெல்டரும் லேசுப்பட்டவர் அல்ல. "அப்ப ஒண்ணு பண்றேன். சாத்தினா தானா விழற மாதிரி அடிச்சுத் தரேன். யாரும் மறக்க முடியாது" என்று தன் பங்கையும் சேர்த்தார்.

வேலை முடிந்தது. கேட் விரியத் திறந்து கிடந்தது. நிபுணர் போய், கட்டியிருந்த துரையை அவிழ்த்துவிட்டார்.

"சாத்தறதுக்கு முன்னாடி எதுக்குங்க அவிழ்க்கிறீங்க?"

"நாய் இல்லாம கேட்டை எப்படிடி சோதிக்கிறது?" என்று ஆரம்பித்து, சோதனையின் அவசியம் குறித்து மனைவிக்கும் வெல்டருக்கும் ஓர் உரை ஆற்றினார். உரை முடிந்ததும் கேட்டை இழுத்துச் சாத்தினார். வெளியே கொண்டி டங்கென்று விழுந்தது. வெல்டர் கை தட்டினார்.

"துரை எங்க?" என்றாள் மனைவி.

வெளியே தகரத்தைப் பிறாண்டும் சத்தம் கேட்டது. உரை நடக்கும்போதே வெளியே ஓடிய நாய், சாத்தியதும் உள்ளே வரத் துடித்தது.

வீட்டுக்கு வேறு வாசல் கிடையாது. மூவரும் கேட்டைத் தள்ளினார்கள், உதைத்தார்கள். அசையவில்லை, அவ்வளவு நேர்த்தியான வேலை. அப்போதுதான் நகராட்சி வண்டி வந்து நின்றது.

"ஐயா! ஐயா! அந்தக் கொண்டியைக் கொஞ்சம் தூக்கிவிடுங்க! அதுவே உள்ள ஓடி வந்துடும்!" மனைவி தகரத்தில் அறைந்தாள்.

"வீட்டுக்காரர் சொல்லாம அடுத்தவங்க கேட்டைத் தொடக்கூடாதும்மா. உத்தரவு" என்றது வெளியே நகராட்சி ஆளின் குரல்.

"நான்தான்யா வீட்டுக்காரன்!"

"முகம் தெரியலையே சார். தகரம் மறைக்குது."

நிபுணர் வாளியைக் கவிழ்த்து ஏறி எக்கினார்.

"வழுக்கை மட்டும் தெரியுது சார். அதை வெச்சு எப்படி முடிவு பண்றது?"

வாளி உடைந்தது.

"வெட்டுப்பா! கேட்டை வெட்டு!" என்று மனைவி கத்தினாள். வெல்டர் கட்டிங் மெஷினை எடுத்தார்.

"புதுக் கேட்டுப்பா..." என்று நிபுணர் குறுக்கே வந்தார். அவள் கணவரை ஒரு பார்வை பார்த்தாள். நிபுணர் விலகிக்கொண்டார்.

தீப்பொறி பறந்தது. மெஷின் இரைச்சலுக்கு நடுவே துரை குரைப்பது கேட்டது, பிறகு ஊளை, பிறகு வண்டிக் கதவு சாத்தும் சத்தம். தகரத்துண்டு கீழே விழுந்தபோது அவள் ஓட்டையில் தோள்வரை கையை நுழைத்துக் கொண்டியைத் தூக்கினாள். தகரம் கிழித்து ரத்தம் வந்தது. செருப்பில்லாமல், "துரை, துரை" என்று தெருக்கோடிவரை ஓடினாள். வண்டி திரும்பிப் போய்விட்டிருந்தது.

மறுநாள் நிபுணர் நகராட்சிக்குப் போனார், கை கூப்பினார், கெஞ்சினார். தரமாட்டோம் என்றார்கள்.

ஓட்டையை ஒரு தகரம் வைத்து அடைத்தாயிற்று. கேட்டில் வேறு குறை எதுவும் இல்லை.