டேப் தட்டினால் வராதது

காக்கநாட்டில் படகு வீடுகளின் முன்பதிவுக்கு வலைத்தளம் நடத்தும் அந்தச் சின்ன அலுவலகத்தில், சிபிச்சன் நிரல் எழுதும் எடிட்டருக்குத் தனிப் பெருமை உண்டு. வலைப்பக்க நிரல் ஒரு நிறத்தில் தெரியும், தரவுத்தளத்துக்கான வரிகள் வேறு நிறத்தில் தெரியும். சோதனைத் தரவை விட்டு நிஜத் தரவைத் தொட்டால் திரையின் விளிம்பு சிவக்கும். இரண்டெழுத்து அடித்து டேப் கீயைத் தட்டினால் முழு வரியும் வந்து நிற்கும். இதையெல்லாம் அமைத்த நேரத்தில் அந்த வரிகளைக் கையாலேயே அடித்துவிட்டு, ஆலப்புழை போய்ப் படகிலும் ஏறி வந்திருக்கலாம். சொன்னால் கோபித்துக்கொள்வான்.

மனதில் ஏதாவது உறுத்தினால் எடிட்டரில் கைவைப்பது அவன் வழக்கம். ஒரு வருடமாக அவனை உறுத்திக்கொண்டிருந்தது பக்கத்து இருக்கை ஷெறின். இன்று சொல்லியே தீருவது என்று காலையில் கிளம்பி வருவான். மதியத்துக்குள் எழுத்துருவை மாற்றி முடித்திருப்பான். புனேயில் வேலை கிடைத்துவிட்டதாக அவள் சொன்ன அன்று பின்னணியைக் கறுப்பிலிருந்து கரும்பச்சைக்கு மாற்றினான். ஆள் அவ்வளவுதான்.

இன்று அவளுக்கு இங்கே கடைசி நாள். அவளுடைய மடிக்கணினியைக் காலையிலேயே திரும்ப வாங்கிவிட்டார்கள். மதியம் படகு முதலாளி ஒருவர் கூப்பிட்டு, ஒரே படகு ஒரே நாளில் இரண்டு குடும்பத்துக்குப் பதிவாகிறது என்று அழாத குறையாகச் சொன்னார். அந்தப் பகுதி ஷெறின் எழுதியது.

“சிபிச்சா, எழுந்திரி. உன் மெஷின்லயே சரி பண்ணிட்டுப் போறேன்.”

“இது உனக்குப் பழக்கமில்ல. சேமிக்கிற கீ வேற, மூடுற கீ வேற...”

“ராக்கெட்டா விடப் போறேன்? நகருடா.”

பிழையை அவள் சீக்கிரமே பிடித்துத் திருத்திவிட்டாள். அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம்: கோப்பைத் திருத்தினால், திருத்தியவர், பார்த்தவர், சோதித்தவர் பெயர்களைத் தலைப்பில் எழுத வேண்டும். ஷெறின் முதலில், பார்த்தவர் இடத்தில் மேலாளர் ஓமனா சேச்சியின் பெயரை அடித்து, தேதிக்கு இடம் விட டேப் தட்டினாள். பெயர் மறைந்து வேறொரு வரி வந்தது: ‘வர்றாங்க, எல்லாரும் வேலை செய்யிற மாதிரி முகத்த வச்சுக்குங்க.’

வேலை இல்லாத ஒரு மதியம் எல்லார் பெயருக்கும் ஒரு வரி எழுதி வைத்ததை சிபிச்சன் மறந்தே போயிருந்தான். ஓமனா சேச்சி பின்னால் நின்று நிதானமாகப் படித்தாள்.

“மோனே, எனக்கே இப்படின்னா டிட்டோவுக்கு என்ன வச்சிருக்க?”

சோதனை செய்யும் டிட்டோவின் பெயருக்கு, ‘பசிக்குது, சாப்பிட்டு வந்து சோதிக்கிறேன்’ என்று வந்தது. அவனே முதலில் சிரித்தான். அலுவலகமே நாற்காலியைச் சுற்றிக் கூடிவிட்டது.

கடைசியாக ஷெறின் தன் பெயரை ஆசையாக அடித்து டேப் தட்டினாள். வெற்றிடம்தான் விழுந்தது. இன்னொரு முறை தட்டினாள்.

“எனக்கு மட்டும் ஒண்ணும் இல்லையா?” அவள் குரல் இறங்கிவிட்டது.

ஓமனா சேச்சி சிபிச்சனின் முகத்தைப் பார்த்தாள். “டிட்டோ, வா. எல்லாரும் வாங்க. வழியனுப்ப வாங்கின பரிப்பு வடை ஆறுது,” என்று மொத்தக் கூட்டத்தையும் ஓட்டிக்கொண்டு போனாள்.

“எழுதினேன். எழுதி எழுதி அழிச்சுட்டேன்,” என்றான் சிபிச்சன்.

“ஏன்?”

“உன் பேருக்குக் கிண்டலா எதுவும் வரல.”

சொல்லிவிட்டு அவன் கை தானாக மௌஸுக்குப் போனது. அவள் அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

“இப்ப எந்த நிறத்த மாத்தப் போற? நான் டேப் தட்டியாச்சு. வர வேண்டியது உன் வாயிலேருந்துதான்.”

“நீ போறது எனக்குப் பிடிக்கல. உன்னைப் பிடிக்கும். ரொம்ப நாளா.”

ஷெறின் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். காதோரம் சிவந்திருந்தது. பெயர்களை ஒழுங்காக அடித்தாள். ஒரே படகை இரண்டு பேருக்குப் பதிவு செய்து பார்த்தாள். தளம் இரண்டாவது ஆளை மறுத்தது.

“ஞாயித்துக்கிழமை எர்ணாகுளம் சவுத் ஸ்டேஷன்ல புனே வண்டி,” என்றாள் எழுந்துகொண்டே. “அப்பா ஏத்திவிட வருவாரு. நீயும் வா. இப்ப சொன்னத அவர்கிட்டயும் சொல்லணும். அங்க அழிச்சு எழுதறதுக்கெல்லாம் வசதி கிடையாது.”