முன்னால் இழுக்கும் வண்டி

தன் கார்க் கதவில் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்ததும் அவளுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. 'குடும்ப வாகனப் பிரிவு.' பக்கத்தில் நின்ற வேனின் பின்சீட்டில் குழந்தை நாற்காலிகூட இருந்தது.

கைவிடப்பட்ட விமான ஓடுதளத்தில் கார் கிளப்பின் ஞாயிற்றுக்கிழமை ஓட்டம். ஸ்போர்ட்ஸ் பிரிவில் ஓடியவர்களைத்தான் அடுத்த மாத மலைப்பாதைப் போட்டிக்கு அனுப்புவார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை போக மிஞ்சிய நேரத்தையெல்லாம் அவள் இந்தப் பழைய சின்னக் காரில் கொட்டியது அந்த ஒரு போட்டிக்காக. எந்தக் கார் எந்தப் பிரிவு என்று முடிவு செய்வது கிளப் செயலாளர். செயலாளர் அவளுடைய சொந்த அண்ணன்.

"அண்ணா, இதென்ன கூத்து?"

"உண்மையைத்தான் ஒட்டியிருக்கேன்." அண்ணன் தன் இரண்டு சீட் காரின் பானெட்டைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "என்ஜின் பின்சக்கரத்தைத் தள்ளினாத்தான் ஸ்போர்ட்ஸ் கார். முன்சக்கரம் திரும்புற வேலையை மட்டும் பார்க்கணும். உன் வண்டியில அதே சக்கரம் இழுக்கவும் செய்யுது, திரும்பவும் செய்யுது. ரெண்டுமே அரைகுறை. காய்கறி வாங்கிட்டு வர நல்ல வண்டி. யாரு இல்லேன்னா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"குதிரையை எங்கேண்ணா கட்டுவாங்க? வண்டிக்குப் பின்னாடியா?"

சிரிப்பு பக்கம் மாறியது. "செயலாளரே, தங்கச்சி கேட்கிறது நியாயம்தானே?" என்று பெட்ரோல் பங்க் முதலாளி எடுத்துக் கொடுத்தார். அண்ணனின் முகம் சிவந்துவிட்டது.

"குடு சாவியை. வளைவுல இதோட லட்சணத்தை நானே காட்டுறேன்."

சாவியைக் கொடுக்கும்போது அவளுக்கு ஒன்று தெரியும். காரின் பின்பக்க ஸ்பிரிங்குகளை அவள்தான் விறைப்பாக்கியிருந்தாள். வேகமான வளைவில் ஆக்ஸிலரேட்டர் மிதியை அழுத்திக்கொண்டே இருந்தால் கார் மூக்கை உள்ளே இழுத்துக்கொண்டு அழகாகத் திரும்பும். பாதியில் காலை எடுத்தாலோ பின்பக்கம் வீசிக்கொண்டு சுற்றிவிடும். அண்ணன் கொஞ்சம் வழுக்கினாலும் காலை எடுப்பவர். பின்சக்கரம் தள்ளும் அவருடைய காரில் அப்படித்தான் செய்ய வேண்டும். எச்சரிக்க ஒரு வார்த்தை போதும். அது தொண்டை வரை வந்தது. 'படட்டும்' என்று விழுங்கிவிட்டாள். கோபத்தில் பேசிய பேச்சையாவது திருப்பி வாங்க முயலலாம். கோபத்தில் பேசாமல் விட்டதை என்ன செய்வது?

முதல் வளைவு நன்றாகவே போயிற்று. அடுத்ததில் கார் லேசாக வழுக்கியது. அவர் காலை எடுத்தது அவளுக்கு இங்கிருந்தே தெரிந்தது. கார் பம்பரமாகச் சுழன்று, அடுக்கியிருந்த பழைய டயர்களில் போய் மோதி நின்றது.

"செயலாளருக்கு ஒரு நடைவண்டி வாங்கிக் குடுங்கப்பா!" என்று யாரோ கத்த, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவள் ஓடினாள். அண்ணன் இறங்கியிருந்தார். கதவைச் சாத்தப் பார்த்தார். கை நடுங்கியதில் முடியவில்லை.

"அடிபட்டுச்சாண்ணா?"

"இல்ல. போ. பார்த்தேல்ல உன் வண்டியோட யோக்கியதையை?"

அந்தக் கையைப் பார்த்த பிறகு அவளால் சும்மா இருக்க முடியவில்லை. திரும்பி, சிரித்தவர்களைப் பார்த்துக் கத்தினாள்: "சிரிக்காதீங்க! அண்ணனுக்கு ஓட்டத் தெரியாம இல்ல. வளைவுல காலை எடுத்தா இது சுத்திடும். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லாம சாவியைக் குடுத்தேன்."

சிரிப்பு நின்றது.

"தெரிஞ்சேவா குடுத்தே?" அண்ணனின் குரல் கம்மியிருந்தது. "எனக்கு ஏதாவது ஆயிருந்தா?"

"தப்புதான். பெரிய தப்பு. ஆனா என் கோபம் போயிடுச்சுன்னு நினைக்காதீங்க. ஊரே பார்க்க என்னைக் கேவலப்படுத்தினீங்க."

"வாயை மூடு."

அவர் குனிந்து, தொங்கிக்கொண்டிருந்த முன் பம்பரைப் பார்த்தார். "யார்கிட்டயாவது கம்பி இருக்கா?" என்று எரிந்து விழுந்தார். பங்க் முதலாளி கொண்டுவந்து கொடுத்தார். அண்ணன் மண்டியிட்டுக் கட்ட ஆரம்பித்தார். அவள் எதிரே உட்கார்ந்து கம்பியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். கடவுள் அவர்களிடம் அந்த நேரத்தில் எதிர்பார்த்தது அவ்வளவாகத்தான் இருக்க வேண்டும்.

கட்டி முடித்ததும் அவள் பக்கத்து சீட்டின் கதவைத் திறந்தாள். "ஏறுங்க."

"எதுக்கு? மிச்ச உயிரையும் எடுக்கவா?"

"நீங்க இதை உங்க வண்டின்னு நினைச்சு ஓட்டினீங்க. இது என்னன்னு ஒரு தடவை பாருங்க."

திட்டிக்கொண்டே ஏறினார். திட்டிக்கொண்டே பெல்ட்டைப் போட்டார். வளைவு வந்ததும் "காலை எடு, எடு!" என்று அலறினார். அவள் எடுக்கவில்லை. உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு மேலே எழும்பியது. மூக்கு மட்டும் கோடு பிடித்ததுபோல் உள்ளே திரும்பி, கார் அம்பாக வெளியே வந்தது.

அண்ணன் திரும்பி அந்த வளைவைப் பார்த்தார். கொஞ்ச தூரம் கழித்து, "இன்னொரு தடவை போ" என்றார்.

போனாள்.

இறங்கியவுடன் அவர் நேரம் குறிக்கும் கடிகாரக்காரரிடம் போய்க் காதோடு காதாக ஏதோ சொன்னார். அவள் விடவில்லை, பின்னாலேயே போனாள்.

"என்ன சொன்னீங்க?"

"ஸ்போர்ட்ஸ் பிரிவுல உன்னைப் போடச் சொன்னேன். போதுமா?"

"போதாது. காய்கறி வண்டின்னு சொன்னப்போ இப்படி முணுமுணுக்கலையே? என் தப்பை நான் எல்லார் முன்னாடியும் சொன்னேன்."

அவர் அவளை முறைத்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"கேளுங்கப்பா! நான் சொன்னது தப்பு. முன்னாடி இழுத்தாலும் அது ஸ்போர்ட்ஸ் கார்தான்!"

"காதுல விழலையே செயலாளரே!" என்றார் பங்க் முதலாளி.

"போய் உன் காதைக் கழுவிட்டு வாய்யா!"

சிரிப்பு எழுந்தது. இந்தச் சிரிப்பில் நஞ்சு இல்லை. அண்ணனும் தங்கையும் மட்டும் சிரிக்கவில்லை.

"வீட்டுக்கு வா, உனக்கு இருக்கு" என்றார் அவர்.

"வர்றேன். எனக்கும் பேச நிறைய இருக்கு."

புறப்படும் இடத்தில் ஸ்போர்ட்ஸ் கார்கள் நெருக்கியடித்து நின்றன. சின்னக் காருக்கு அங்கே இடமில்லை. அண்ணன் விடுவிடென்று நடந்துபோய்த் தன் காரில் ஏறினார். யாரையும் பார்க்காமல் அதைப் பின்னுக்கு எடுத்து, வரிசையில் அவளுக்கு இடம் விட்டார்.