ஓநாய்த் தலைக் கத்தி

மூஸ் மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தைய வாரத்தில், கூமோ ஊரின் விவசாயப் பொருள் கடையில் இல்போவைத் தாண்டி யாரும் ஒரு கத்தி வாங்கிவிட முடியாது. அவர் அந்தக் கடையில் வேலை செய்பவர் இல்லை. ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். கத்தி அலமாரிக்கு எதிரே இருந்த காப்பி மேசையில் அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. யாரும் கொடுத்ததல்ல, அவராக எடுத்துக்கொண்டது. வேலை பார்த்த காலமெல்லாம் ‘ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள்’ என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர். அப்போது சேர்ந்துபோன பேச்சை இப்போது தாராளமாகச் செலவழித்துக்கொண்டிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை முதலில் மாட்டியது ஒரு வெளியூர்ப் பெண்மணி. மேலாளரின் பிறந்தநாளுக்கு வேட்டைக் கத்தி தேடி வந்தவள், இருப்பதிலேயே பெரியதைக் கையில் எடுத்தாள். பிடியின் முனையில் ஓநாய்த் தலை. பிடிக்கும் அலகுக்கும் நடுவே குறுக்காக ஒரு பித்தளைத் தடுப்பு.

“ஏம்மா, உங்க மேலாளர் மேல என்ன கோபம்?” என்றார் இல்போ.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

“இந்தப் பித்தளை எதுக்குன்னு நினைக்கிறீங்க? கை வழுக்கி அலகு மேல போயிடாம இருக்க. இதை ஒரு வேட்டைக்காரனுக்குக் குடுத்தா, ‘உனக்குக் கத்தி பிடிக்கத் தெரியாது’ன்னு ஊரைக் கூட்டி மாலை போட்டுச் சொல்ற மாதிரி. அப்புறம் இந்த நீளம். இதை வச்சு மானை உரிக்க முடியாது, மானோட சண்டைதான் போட முடியும்.”

அவள் சிரித்துக்கொண்டே பிர்ச் மரப்பிடி போட்ட சின்னக் கத்தி ஒன்றை வாங்கிப் போனாள்.

கல்லாவிலிருந்த ஹில்க்கா அலுத்துக்கொண்டாள். “அந்த ஓநாயை இந்த ஜென்மத்துல விக்க விடமாட்ட போல.”

“ஊர் மானத்தைக் காப்பாத்துறேன், ஹில்க்கா.”

“காப்பிக்காவது காசு குடுத்துட்டுக் காப்பாத்து.”

இல்போவின் வாய் உற்சாகமாக இருந்ததே தவிர, கண் அடிக்கடி சுவர்க் கடிகாரத்துக்குப் போய் வந்தது. அன்று மாலை மகள் இலோனா ஹெல்சிங்கியிலிருந்து வருகிறாள். கூடவே காஸ்பெர் என்று ஒருவன். போன முறை ஒருவனை அழைத்து வந்தபோது, இல்போ அவனைச் சாணைக்கல்லுக்கு முன்னால் உட்காரவைத்து, நீராவிக் குளியலுக்கு முன்பு தொடங்கிச் சாப்பாட்டுக்குப் பிறகும் கூர் தீட்டும் கலையை விளக்கினார். அவன் விடிந்ததும் பேருந்து ஏறிவிட்டான். இந்த முறை இலோனா போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள்: “அப்பா, இவனுக்கு வகுப்பு எடுக்காதீங்க. எடுத்தீங்கன்னா இனிமே வேட்டைக்கு வரமாட்டேன்.” வேட்டைக்கு வராவிட்டால் அவள் வீட்டுக்கு வர வேறு காரணமே கிடையாது. அது இல்போவுக்குத் தெரியும். சத்தியம் செய்திருந்தார்.

அதனாலோ என்னவோ, மாலைக்குள் பேச்சு ஸ்டாக்கைத் தீர்த்துவிடும் வேகத்தில் இருந்தார். அப்போதுதான் நகரத்துக் காலணி போட்ட ஒல்லியான ஒரு பையன் அலமாரி முன்னால் வந்து விழித்துக்கொண்டு நின்றான்.

“யாருக்குத் தம்பி?”

“கல்யாணம் பண்ணிக்கலாம்னு நினைக்கிற பொண்ணோட அப்பாவுக்கு. அவ இங்க ஒரு தோழி வீட்ல இருக்கா, அதுக்குள்ள வாங்கிடணும். எனக்குக் கத்தியைப் பத்தி ஒண்ணுமே தெரியாதுங்க.”

இதைவிட இனிமையான வாக்கியத்தை இல்போ அந்த வருஷம் கேட்டதில்லை. நாற்காலியை நகர்த்திப் போட்டார். “முதல்ல பிடி. பிர்ச் பட்டையை வட்டம் வட்டமா வெட்டி அடுக்கி அழுத்திச் செய்வாங்க. எவ்வளவு குளிர்லயும் கையில சில்லுன்னு ஒட்டாது. ஏன் ஒட்டாதுன்னா... இரு, ஆள் எப்படின்னு சொல்லு. அதுக்கேத்த மாதிரி பாப்போம்.”

“நான் இன்னும் பாத்ததில்லை. ரொம்பப் பேசுவாராம். முன்னாடி பஸ் ஓட்டினாராம். இலோனா சொல்லுவா...”

காப்பி இல்போவின் தொண்டையில் வழி மாறிப் போனது. அவர் இருமி முடிப்பதற்குள் கல்லாவில் ஹில்க்கா தலையைத் தூக்கிவிட்டாள். மாலை வரவேண்டியவன் மத்தியானமே வந்து நிற்கிறான். வகுப்பு பிர்ச் பட்டை வரை போய்விட்டது. இனி ஒரு வார்த்தை பேசினாலும் சத்தியம் போச்சு. நான்தான் அந்த அப்பா என்று சொன்னாலும் போச்சு. இல்போ வாயைக் கோப்பையால் மூடிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துக் காஸ்பெர் ஓநாய்த் தலைக் கத்தியை எடுத்தான்.

“இது நல்லா இருக்குல்ல?”

இல்போவின் தொண்டைக்குள் ஒரு முழுப் பிரசங்கம் முட்டி மோதியது.

“இந்தப் பித்தளைத் தடுப்புக்காகத்தான் கேக்கறேன்,” என்றான் காஸ்பெர். “அவருக்கு முன்னொரு தடவை கை வழுக்கி நல்லா வெட்டிக்கிச்சாம். தையல் போடும்போது அவர் நர்ஸுக்கு ஜோக் சொல்லிட்டு இருந்தாராம். இலோனாதான் வெளியே தாழ்வாரத்துல நின்னு அழுதாளாம். ஒவ்வொரு வேட்டைக்கும் இவ எதுக்கு வர்றா தெரியுமா? அவர் கையைப் பாத்துக்கத்தான். இது இருந்தா அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியா இருக்கும்ல?”

இல்போ தழும்பு விழுந்த தன் இடது கையை மெல்லச் சட்டைப்பைக்குள் விட்டார். மீன் டப்பா திறக்கும்போது வெட்டிக்கொண்டதாகத்தான் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். ஜோக்குக்கு நர்ஸ் சிரித்தது ஞாபகம் இருந்தது. தாழ்வாரத்தில் யாரோ அழுதது அவருக்குத் தெரியாது.

“அதையே வாங்குங்க, தம்பி,” என்றார்.

ஹில்க்காவின் கையிலிருந்த ரசீதுச் சுருள் தரையில் விழுந்து உருண்டது. இல்போ குதிரைத் தீவன மூட்டைகளுக்கு நடுவே புகுந்து பின்கதவு வழியாக வெளியேறினார்.

மாலையில் கார் வந்து நின்றபோது, திருடன் போலீசை எதிர்பார்ப்பது மாதிரி வாசலில் நின்றார். காஸ்பெர் இறங்கினான். முகத்தில் ஆச்சரியத்தின் சாயல்கூட இல்லை. கை குலுக்கிப் பெயர் சொல்லிப் பொட்டலத்தை நீட்டினான்.

“நல்ல கத்தி. நன்றி,” என்றார் இல்போ. அதோடு நிறுத்திக்கொண்டார்.

சால்மன் மீன் சூப் குடிக்கும்போதும் பேசவில்லை. நீராவி அறையில், “இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்தவா?” என்பதோடு சரி. இலோனா அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

“காய்ச்சல் ஏதும் இல்லையே அப்பா?”

“சூப் நல்லா இருந்துச்சு, அதான்.”

மறுநாள் காலை வேட்டைக் குழுவின் குடிசையில் அவர் நுழைந்ததும் பேச்சு நின்றது. குழுத் தலைவர் ரெய்யோ எழுந்து வந்து, இல்போவின் இடுப்பில் தொங்கிய ஓநாய்த் தலைக் கத்தியைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார்.

“இல்போ, நாம மூஸுக்குத்தானே போறோம்? ஸ்வீடன்காரன் படையெடுத்து வர்றதா எனக்கு யாரும் சொல்லலையே.”

“பித்தளை வேலி வேற போட்டிருக்கான்டா,” என்றது ஒரு மூலை. “கை தப்பிச்சு ஓடிடக்கூடாதுல்ல.”

“மருமகன் குடுத்தது,” என்றார் இல்போ.

அடுப்போரம் நின்ற இலோனா கோப்பையைக் கீழே வைத்தாள். காஸ்பெர் சிவந்து போனான். ரெய்யோ அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நல்லா உக்காருப்பா, புல்லா ரொட்டி எடுத்துக்க,” என்றார். கேலி அன்று முழுக்க ஓயவில்லை. ஆனால் கத்தியை விட்டுவிட்டு இல்போவை மட்டுமே பிடித்துக்கொண்டது. அது அவருக்குப் பழக்கமானதுதான்.

மதியத்துக்கு மேல் ஓடைக்கரையில் ஒரு மூஸ் விழுந்தது. வயிற்றைத் திறக்கும் வேலை இல்போவுடையது. இலோனா பின்னங்காலைத் தூக்கிப் பிடித்தாள். பித்தளைத் தடுப்பு விலா எலும்பில் ஒரு முறை, ஜவ்வில் ஒரு முறை, இல்போவின் சட்டைக் கையில் ஒரு முறை மாட்டியது. அவர் எதுவுமே நடக்காதது போல விசிலடித்தார்.

காஸ்பெர் பக்கத்தில் குந்தி, ஒரு சின்னக் கத்தியை நீட்டினான். ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் பிடி. அந்தக் குழுவில் எல்லார் இடுப்பிலும் தொங்கும் அதே மலிவுக் கத்தி.

“இது உனக்கு எங்கே கிடைச்சுது?”

“நேத்து கடைக்கார அம்மா குடுத்தாங்க. நீங்க பின்கதவு வழியா போனதும், ‘அங்க உக்காந்திருந்தவர்தான் உன் மாமனார்’னு சொல்லிட்டாங்க.”

இல்போவின் விசில் நின்றது. “தெரிஞ்சும் அந்த ஓநாயையே வாங்கினியா?”

“மாத்தித் தர்றேன்னுதான் சொன்னாங்க. ‘ஆனா அந்த ஆள் வேண்டாம்னு சொல்லாம விட்ட முதல் கிராக்கி நீதான்’னும் சொன்னாங்க. அப்புறம் மாத்த மனசு வரலை.”

“கடையா? எந்தக் கடை?” என்றாள் இலோனா, மூஸின் காலுக்குப் பின்னாலிருந்து.

காஸ்பெர் இல்போவைப் பார்த்தான். இல்போ மூஸின் வயிற்றைப் பார்த்தார்.

“அப்பா.”

“கொஞ்சமாத்தான் சொன்னேன். பட்டை வரைக்கும்தான்.”

“அதான் கேக்கணும்னு இருந்தேன்,” என்றான் காஸ்பெர். “பட்டைப் பிடி குளிர்ல ஏன் ஒட்டாது? ராத்திரி பூரா யோசிச்சுட்டே இருந்தேன்.”

இல்போ ஆரஞ்சுக் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார். உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தார்.

“என்னை ஏன் பாக்கறீங்க? கேட்டது அவன்தானே,” என்றாள் இலோனா. “ஆனா இந்தக் காலை ரொம்ப நேரம் என்னால பிடிச்சிட்டு நிக்க முடியாது. பேசிக்கிட்டே வெட்டுங்க.”