கரி வளையம்

ஊர் வண்டிகளுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கும் மெக்கானிக்கின் சொந்த வண்டி, அந்த ஞாயிற்றுக்கிழமை பாலத்து ஏற்றத்தில் மக்கர் செய்தது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்ஜின் இரைந்ததே தவிர, கார் நத்தையாக ஊர்ந்தது. உள்ளே கருகல் வாடை. கிளட்ச் வழுக்குகிறது என்று தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். ஏன் வழுக்குகிறது என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. அவரைவிடப் பத்தே வயது இளைய கார் அது. இரண்டு வருடத்துக்கு முன்புதான் தன் கையால் புது கிளட்ச் போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்று. மற்ற ஆறு நாளும் வீட்டு ஷெட்டில் துணி போர்த்திக்கொண்டு தூங்கும். அப்படித்தான் அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை பட்டறைக்கு விடுமுறை விட்டுவிட்டு ஷெட்டிலேயே உட்கார்ந்தார். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, டாப் கியரில் போட்டு, கிளட்சை மெல்ல விட்டார். நல்ல கிளட்சாக இருந்தால் இன்ஜின் திணறி நின்றிருக்க வேண்டும். இதுவோ எனக்கென்ன என்று ஓடிக்கொண்டிருந்தது. பெடலில் ஒரு விரற்கடை சும்மா ஆடும் இடம் இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது. எண்ணெய்க் கசிவு உண்டா என்று பார்த்தார், இல்லை. இனி வயிற்றைக் கிழித்துப் பார்க்க வேண்டியதுதான் என்று கியர் பாக்ஸை இறக்கினார்.

கிளட்ச் தட்டு ஆணி தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. அது ஒட்டிச் சுழலும் ஃபிளைவீல் சக்கரத்தில் சூடு பட்ட நீலத் திட்டுகள். அதெல்லாம்கூடப் போகட்டும், அந்தக் கரி வளையத்தைப் பார்த்ததும்தான் அவருடைய கை நின்றது. இந்த மாதிரிப் பழைய கார்களில் பெடலை மிதித்தால் ஒரு கரி வளையம் போய் கிளட்சை அழுத்தும். மிதிக்கும்போது மட்டும்தான் அது உரச வேண்டும். பெடல் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டினால் ஓயாமல் உரசிக் காணாமல் போகும். கட்டைவிரல் கனம் இருந்த வளையம் இப்போது வெற்றிலைக் காம்பளவு நின்றது.

அப்படிக் கால் வைத்து ஓட்டுகிறவர் அவர் அறிந்து உலகத்தில் ஒருத்திதான். அவருடைய மகள்.

அந்தக் காலால்தான் அவள் வீட்டை விட்டே போனாள். மூன்று வருடத்துக்கு முன், அப்பாவோடு பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தபோது, வாடிக்கையாளர் ஒருவரின் காரை ஓட்டிப் பார்க்க எடுத்துப் போய் கிளட்சைக் கருக்கிக்கொண்டு வந்தாள். நாலு பேர் முன்னால் அவர் வாய்க்கு வந்தபடி பேசினார். இனி என் கண் முன்னால் ஒரு ஸ்பேனரைத் தொடாதே என்றார். அவளும் அப்பன் பெண்தானே. உங்கள் கண்ணிலேயே படமாட்டேன் என்று போனவள் போனவள்தான். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா?

வளையத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் வந்து போகிறாள். தான் இல்லாத நேரத்தில் இந்த சீட்டில் உட்காருகிறாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், தான் கொஞ்சம் முன்னதாக வீட்டுக்கு வந்திருக்கக் கூடாதா?

அப்புறம்தான் சீட் ஞாபகம் வந்தது. ஞாயிறுதோறும் அது முன்னால் நகர்ந்திருக்கும். சீட் நகரும் தண்டவாளம் தளர்ந்துவிட்டதென்று அந்த மேதாவி இரண்டு முறை போல்ட்டை முறுக்கியிருந்தார். மகளோ அவரைவிட உயரம். சீட்டை முன்னால் இழுக்க அவளுக்கு என்ன வந்தது? மனசு பொசுக்கென்று இறங்கியது.

காபி கொண்டுவந்த மனைவிக்கு அவருடைய தோள் உயரம்தான். அவர் வளையத்தை நீட்டினார். அவள் மழுப்பவில்லை. செவ்வாயும் வெள்ளியும் அவர் பட்டறைக்குப் போனதும் தானே ஓட்டிக்கொண்டு மகளைப் பார்க்கப் போவதாகச் சொன்னாள். அவளுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்ததும் மகள்தான். மகளுடைய வீடு குன்றுத் தெருவின் உச்சியில். ஹேண்ட் பிரேக் தன் கைக்கு இறுக்கமாக இருப்பதால், ஏற்றத்தில் நிறுத்த நேர்ந்தால் கிளட்சிலேயே வண்டியைப் பிடித்துக்கொள்வாளாம். தாயைப் போல பிள்ளை என்பார்கள். இந்த வீட்டில் பிள்ளையைப் போல தாய்.

கோபம் வரும் என்று அவரே எதிர்பார்த்தார். வரவில்லை. வளையத்தைத் துணியில் துடைத்துக்கொண்டே, "என்னைப் பத்தி எப்பவாவது கேப்பாளா?" என்றார்.

"கேக்க மாட்டா," என்றாள் மனைவி. "வண்டி எப்படி ஓடுதுன்னு கேப்பா. ஒவ்வொரு தடவையும் கேப்பா."

அவர் தும்மல் வந்ததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வியாழன் சாயங்காலம் புதுத் தட்டும் வளையமும் ஏறின. ஃபிளைவீலைக் கடைசலுக்குக் கொடுத்து வாங்கினார். ஹேண்ட் பிரேக்கையும் கைக்கு இலகுவாக வைத்தார். வெள்ளிக்கிழமை பட்டறைக்குப் போகாமல், சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, புது கிளட்சை மேட்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று மனைவியிடம் சொன்னார். எந்த மேடு என்று அவள் கேட்கவில்லை. அவர் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்து சீட்டில் ஏறினார்.

குன்றுத் தெருவில் வண்டி கிண்ணென்று ஏறியது. பாதி வழியில் அவர் கீழே பார்த்தார். மனைவியின் இடது கால் பெடல் மேல் சுகமாக உட்கார்ந்திருந்தது. வசவு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வாயை இறுக மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

இன்ஜின் சத்தம் கேட்டு மகள் வாசலுக்கு வந்தாள். அம்மா பக்கத்தில் யார் என்று பார்த்ததும் அப்படியே நின்றாள். இளைத்திருந்தாள். பிறகு மெல்ல நடந்து அவர் பக்கக் கதவருகே வந்தாள்.

"கரி வளையம் போயிருக்குமேப்பா," என்றாள், கண்ணைப் பார்க்காமல். "மாத்திட்டீங்களா?"

"மாத்திட்டேன்," என்றார் அவர். சட்டைப் பையிலிருந்து தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து அவள் கையில் வைத்தார். "இன்னொன்னும் வாங்கிட்டேன். அடுத்த தடவை நீ வந்து மாத்து."