பதினாறு ஜோடி

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது மகளின் போன் வந்தது, இரண்டு வருஷம் நான்கு மாதம் கழித்து. அவள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டாள், நான் வீம்புக்குப் போகாமல் இருந்துவிட்டேன். அதன் பிறகு இரண்டு பக்கமும் பேச்சில்லை.

அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில், ஸ்பிரிட் ஜாடிகளில் மிதக்கும் பூரான்களை வகை பிரித்துச் சீட்டு ஒட்டுவது என் வேலை. மேலே இருப்பவர்கள் என்னைப் 'பூரான் சார்' என்பார்கள். கீழே இறங்கி வருவது வழி தவறியவர்கள் மட்டும்தான். வீட்டுக்குப் போனால் பேச்சுத்துணைக்கு ரேடியோ. அவள் அம்மா போய் ஆறு வருஷமாகிறது. தனியாக இருந்து இருந்து எனக்கு அலுத்துவிட்டது, வேறென்ன சொல்ல.

"அப்பா, குளியலறையில ஒரு பூரான். கண்ணாடி டம்ளரைப் போட்டு மூடி வச்சிருக்கேன். பாப்பா தவழுறா. கடிச்சா ஆபத்தா? போட்டோ அனுப்பியிருக்கேன், பாருங்க."

பேத்தி பிறந்திருக்கிறாள் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும்.

படத்தைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. உடம்பைச் சுற்றி நூல்நூலாக நீளக் கால்கள். வீட்டுப் பூரான். கரப்பான் குஞ்சைத் தின்னும், துடைப்பத்தைக் கண்டால் ஓட்டம் பிடிக்கும், பாவப்பட்ட ஜென்மம். நான் சொல்ல வேண்டியது ஒரே வரிதான். சொன்னால் "சரிப்பா" என்று வைத்துவிடுவாள்.

"போட்டோ தெளிவா இல்லையேம்மா" என்றேன். பச்சைப் பொய். "பாப்பா எங்க?"

"இடுப்புல."

"இறக்கிவிடாத. முதுகுல கோடு இருக்கா?"

"மூணு இருக்கு. கடைசிக் கால் ரெண்டும் ரொம்ப நீளம்ப்பா."

இதற்கு மேல் கேட்க ஒன்றுமே இல்லை. கைக்குழந்தைக்காரியைப் பயத்தில் நிற்க வைக்கிறோமே என்று மனசு குத்தியது. ஆனாலும் வாய் அடங்கவில்லை.

"கால் எத்தனை ஜோடின்னு எண்ணிச் சொல்லு. கல்லுக்கடியில இருக்கறதுன்னா பதினஞ்சு. கடிச்சு வீங்க வைக்கிற பெரிய பூரான்னா இருபத்தொண்ணு. மண்ணுக்குள்ள நெளியறதுக்கு நூறுக்கு மேலகூட இருக்கும்."

அவள் முணுமுணுத்து எண்ணினாள். நடுவில் குழந்தை ஏதோ மழலை பேசியது. சோறு ஆறிக்கொண்டிருந்தது, நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தேன்.

"பதினாறு" என்றாள்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. கண்ணை எங்கே வைத்துக்கொண்டு எண்ணினாய் என்று கேட்க வாயெடுத்தவன், அப்படியே நிறுத்திக்கொண்டேன்.

பூரானுக்குக் கால் ஜோடி ஒற்றைப்படையில்தான் வரும். அவளுக்கு இது ஏழு வயதிலேயே தெரியும். பள்ளி விடுமுறையில் இதே மேஜையடியில் உட்கார்ந்து ஜாடி ஜாடியாக எண்ணியவள். ஒருமுறை நான் சீட்டில் 'இருபது' என்று எழுதிவிட்டேன். "இரட்டையில வராதேப்பா" என்று கையோடு பிடித்துவிட்டாள்.

"பதினாறா?" என்றேன்.

"ஆமாப்பா. மறுபடி எண்ணட்டுமா?"

"எண்ணும்மா. மெதுவா எண்ணு." அதற்கு மேல் என்னால் பொய்யைப் பிடித்து வைத்திருக்க முடியவில்லை. "அது ஒண்ணும் பண்ணாதும்மா."

"தெரியும்ப்பா" என்றாள். பிறகு, முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.

"ஒண்ணு... ரெண்டு..."